ஊசிக்குப் பயந்து பல்லைத் தள்ளிப்போடாதீர்கள்!

என் அம்மாவுக்குப் பல்வலியைவிட, பல் டாக்டர் போடும் மரப்பு ஊசிதான் பயம். கிராம்பு எண்ணெய், உப்புத் தண்ணீர் என்றே மாதக்கணக்கில் ஓட்டினார். கன்னம் வீங்கிய பிறகுதான் கிளினிக்குக்கு வந்தார். ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகவில்லை. “இதுக்குத்தான் வரமாட்டேன்னேன்” என்று என்னை முறைத்தார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். அங்கே லிக்னோகெய்ன் மருந்து நரம்புக்குள் எளிதில் புகாது. அதாவது, ஊசிக்குப் பயந்து நாளைக் கடத்தக் கடத்த, அந்த ஊசியின் பலன்தான் குறைகிறது! வீக்கத்தைவிட்டுத் தள்ளி, நரம்பு வரும் வழியில் இன்னொரு ஊசி போட்ட பிறகே பல்லை எடுத்தார்.

இந்த லிக்னோகெய்ன் 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. அவருடன் வேலை பார்த்த பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தாராம்.

மருந்தோடு பெரும்பாலும் மிகக் கொஞ்சம் அட்ரினலினும் சேர்ப்பார்கள். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும், ரத்தக்கசிவும் குறையும். சிலருக்கு நெஞ்சு படபடப்பது இதனால்தான். இதய நோய், பிரஷர் உள்ளவர்கள் தாங்கள் சாப்பிடும் மாத்திரைகளை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

உதடு சில மணி நேரம் மரத்தே இருக்கும். குழந்தைகள் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். கூடவே இருந்து கவனியுங்கள். உணர்வு திரும்பும்வரை சூடான காபி யாருக்குமே வேண்டாம்.

பல் கூசும்போதே போய்விட்டால், ஊசி தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்.