முடிச்சுப் போட்ட பை

சமையல் முடிந்ததும் நம் வீடுகளில் மிஞ்சியிருக்கும் கடைசி வேலை ஒன்று உண்டு. மீன் செதில், வெங்காயத் தோல், பால் பிழிந்த தேங்காய்ப்பூ, பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறு எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, வண்டி வரும் நாளில் வாசலில் வைத்துவிடுவது. நாற்றம் வெளியே வராது. நாயும் காகமும் கிளறாது. இப்படிச் செய்கிற பெண்ணைத் துப்புரவான வீட்டுக்காரி என்று நாலு பேர் சொல்வார்கள். சகோதரிகளே, அந்த முடிச்சைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

எனக்கு வயது 26. கல்யாணம் முடித்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. எங்கள் கிழக்குப் பகுதி வழக்கப்படி உம்மா வீட்டு வளவிலேயே எனக்கும் ஒரு வீடு கட்டித் தந்தார்கள். உம்மாவின் குசினிக்கும் என் குசினிக்கும் நடுவே ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும்தான். நான் அடுப்பில் என்ன வைக்கிறேன், எதைக் கழித்துப் போடுகிறேன் என்பதெல்லாம் உம்மாவின் கண்ணுக்குத் தப்பாது.

எனக்கென்று ஒரு குசினி கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது இது என்று நான் நினைத்து வைத்திருந்த வேலைக்கு, 2022 ஜனவரியில் வந்த ஒரு செய்திதான் காரணம். எங்கள் அம்பாறை மாவட்டத்திலுள்ள பள்ளக்காட்டில், காட்டோரத்துக் குப்பை மேட்டருகே மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே குப்பையைத் தின்று இறந்திருப்பதாகவும் சொன்னார்கள். 2008 அளவில் தொடங்கிய அந்த இடத்தில் சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. இறந்த யானைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், பிளாஸ்டிக்கும், தண்ணீரும்தான் இருந்தனவாம். யானை வழமையாகத் தின்னும் இலை தழை எதுவும் காணப்படவில்லையாம்.

யானை ஏன் பொலித்தீனைத் தின்கிறது? பைக்காக அது வருவதில்லை. பைக்குள் இருக்கும் சோற்றுக்கும் பழத்தோலுக்கும்தான் வருகிறது. முடிச்சை அவிழ்த்து உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள அதற்குத் தெரியுமா? பையோடு விழுங்கிவிடுகிறது. பை செமிக்காது, எப்போதும் வெளியேயும் போய்விடாது. நம் வீட்டு நாயிடமிருந்து குப்பையைக் காப்பாற்றப் போட்ட அதே முடிச்சு, அங்கே ஒரு பெரிய உயிருக்குச் சுருக்காகி விடுகிறது.

யானையோடு இது முடியவில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் 32 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக் கூடியது. மண்ணில் போட்டால் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அதையே பையில் கட்டி மலையாகக் குவித்தால் காற்றுப் படாமல் அழுகும். மீதேன் என்னும் எரியக் கூடிய வாயு கிளம்பும். நீர் கசிந்து நிலத்தடி நீரில் கலக்கும். ஆகவே செய்ய வேண்டிய முதல் காரியம் மிகச் சிறியது: சோற்றையும் பையையும் ஒன்றாகக் கட்டாமல் இருப்பது.

காரியம் சிறியதுதான். ஆனால் அதை உம்மாவிடம் சொல்வது அவ்வளவு சிறியதாக இருக்கவில்லை.

"என்ன மகள், குப்பைக்கும் படிப்பு வந்திட்டா?" என்று முதலில் சிரித்தார்கள். நான் யானைக் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நாங்க இவ்வளவு காலமும் வீடு வாசல் வெச்சிருந்தது சரியில்ல எண்டு சொல்றியா?" என்று கேட்டுவிட்டுத் தன் குசினிக்குள் போய்விட்டார்கள். ஐந்து பிள்ளைகளை வளர்த்து, ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்க விடாத மனிசி அவர்கள். நேற்றுக் குசினி கண்ட மகள் சுத்தத்தைப் பற்றிப் பேசினால் மனம் நோகாதா?

அடுத்த நாள் யானையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "உம்மா, குப்பைக்குக் கிடங்கு வெட்ட வேணும். வளவில் எந்தப் பக்கம் வெட்டினால் நல்லம்?" என்று மட்டும் கேட்டேன். உம்மா எழுந்து வந்து வளவு முழுவதும் நடந்து பார்த்தார்கள். "கிணத்தடியில வேணாம், தண்ணி கெட்டுப் போகும். மேட்டுப் பக்கம் வெட்டு. மாரி மழைத் தண்ணி இறங்கினா நாறும், மேல தகரம் ஒண்டு போடு" என்றார்கள். மீன் கழிவைப் பற்றியும் அவர்களே சொன்னார்கள். உம்மம்மாவின் காலத்தில் அதைத் தென்னை மரத்தடியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்து மேலே மண் போட்டு மிதித்துவிடுவார்களாம். எனக்கு அதுவரை தெரியாத சங்கதி அது. அன்றிலிருந்து அந்தக் கிடங்கு உம்மாவின் கிடங்கு.

முறையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். இரண்டு கிடங்குகள் வேண்டும். ஒன்று நிரம்பியதும் மற்றதைத் தொடங்கலாம். அடியில் காய்ந்த சருகும் தும்பும் போட வேண்டும். அன்றன்றைய மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது போன்றவற்றைக் கொட்டி, அதன்மேல் அதே அளவுக்குச் சருகைத் தூவிவிட வேண்டும். இந்தச் சருகுதான் இரகசியம். ஈரம் கூடினால் நாற்றமும் இலையானும் வரும். சருகு ஈரத்தை இழுத்துக் காற்றுக்கு வழி விடும். கிழமைக்கு ஒரு தடவை மண்வெட்டியால் புரட்டிவிட்டால் போதும். மூன்று மாதமளவில் கறுத்த, மண் வாசமுள்ள கூட்டெரு கிடைக்கும். எங்களுடையது கடலோர மணல் நிலம். ஊற்றும் தண்ணீர் நிற்காது. கூட்டெரு போட்ட இடத்தில் ஈரம் தங்குகிறது. கறிவேப்பிலையும் ரம்பையும் கொச்சிக்காயும் இப்போது வளவிலேயே இருக்கின்றன.

இதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. ஈரக் குப்பை வளவை விட்டுப் போகாததால் அதைக் கட்டுவதற்குப் பை தேவைப்படவில்லை. மிச்சம் இருப்பது காய்ந்த குப்பை மாத்திரம். பால்மா உறையையும் பிஸ்கட் உறையையும் உதறி ஓர் உரப்பையில் போட்டு வைக்கிறேன். போத்தல்களைப் பழைய சாமான் வாங்க வருபவர் கொண்டு போகிறார். குப்பை வண்டிக்காரர் ஒருநாள், "வீட்டில ஆள் இல்லையா தங்கச்சி, ஒண்டையும் காணல்லயே?" என்று கேட்டார்.

பை தேவைப்படாவிட்டால், கடையிலிருந்து கொண்டு வருவானேன்? இங்கேதான் வீட்டுக்காரரோடு பேச்சு வந்தது. பன் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக அவருக்கு வெட்கம். "ஆம்பிள தூக்குற பையா இது?" என்றார். வற்புறுத்தவில்லை. பழைய சாரத் துணியில் மடிக்கக் கூடிய பை ஒன்று தைத்து மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்துவிட்டேன். மீனுக்கு மூடியுள்ள பழைய ஐஸ்கிறீம் பெட்டி. மீன்காரரே இப்போது, "பெட்டியக் கொண்டாங்க" என்று கை நீட்டுகிறாராம்.

நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கொடுக்கும் கஞ்சியையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பிள்ளைகள் வாளியோடு போய் வரிசையில் நிற்பார்கள். பிறகு கொதிக்கும் கஞ்சியை மெல்லிய பொலித்தீன் பையில் ஊற்றிக் கொண்டு வருவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. சூடான உணவைப் பொலித்தீனில் ஊற்றுவது உடலுக்கும் உகந்ததல்ல. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மூடியுள்ள சின்ன வாளிகளை வாங்கிக் கொடுத்தோம். வாளியில் பெயர் எழுதியதும் அவர்களுக்கு அது பெருமையாகிவிட்டது.

எல்லாம் இப்படிச் சுலபமாக நடந்துவிடவில்லை. ராத்தாவின் குழந்தைக்கு அகீகா கொடுத்தபோது பெரிய வாக்குவாதமே நடந்தது. வந்தவர்களுக்குச் சஹன் வைத்தோம். ஐந்தாறு பேர் ஒரே சஹனில் உண்பதால் பிளாஸ்டிக் தட்டுக்கு வேலையில்லை. அயல் வீடுகளுக்கு அனுப்பும் சோற்றுக்குத்தான் லன்ச் ஷீட் வேண்டும் என்று மாமி நின்றார். "சட்டியில அனுப்பினா சட்டி திரும்பி வராது" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் வாழையிலையை அனலில் வாட்டிச் சோற்றைக் கட்டினோம். கறியை மாத்திரம் பக்கத்து வீடுகளுக்குக் கோப்பையில் அனுப்பினோம். மாமி சொன்னது போலவே இரண்டு கோப்பைகள் இன்றுவரை வரவில்லை. உம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்கு 2017 செப்டம்பரிலேயே தடை வந்தது. ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சு குழாய் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்கும் 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து தடை. ஆனால் தடை கடை வாசல் வரைக்கும்தான் வரும். நம் குசினிக்குள் வந்து எதை எதோடு கட்டுகிறோம் என்று எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை. அங்கே தீர்மானிப்பவர்கள் நாம்தான்.

புதிதாகக் குடும்பம் நடத்தத் தொடங்கியிருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒன்றை மாற்ற விரும்பினால், மூத்தவர்களுக்குப் பாடம் நடத்தி அதைத் தொடங்காதீர்கள். அவர்களிடம் ஒரு வேலையைக் கேட்டுத் தொடங்குங்கள். வளவு இருந்தால் எங்கே கிடங்கு வெட்டலாம் என்று கேளுங்கள். வளவில்லாத மாடி வீடென்றால், அடியில் துளையிட்ட பழைய வாளியில் சருகும் மண்ணும் போட்டு எப்படி வைப்பது என்று கேளுங்கள். நமக்குத் தெரியாத எத்தனையோ அவர்களுக்குத் தெரியும். கேட்க ஆளில்லாமல்தான் அவை மறந்து போயின.