மடை மாற்றும் நேரம்

சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி, தன் கேள்வித்தாளைத் தமிழாக்கித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். தண்ணீர், மின்சாரம், உணவு மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதுதான் அவள் ஆய்வு. 2011இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு இந்தத் துறையில் ‘நெக்சஸ்’ என்ற சொல் அதிகம் புழங்குகிறதாம். அதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று அரை நாள் யோசித்து, ‘பிணைப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பிணைப்பு எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம். முதலில் கிணறு, பிறகு போர். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான், ஆனால் மும்முனை மின்சாரம் எந்நேரமும் இருக்காது. வரும்போது இறைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் இறைக்க இறைக்க நீர்மட்டம் இறங்கும். ஐந்து குதிரைசக்தி மோட்டார் இருந்த இடத்துக்கு ஏழரை வரும். அதே தண்ணீருக்கு இன்னும் அதிக மின்சாரம். (இதைக் காட்டி இலவசத்தை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. போர் போட்ட கடனே தீராதவர்களிடம் கரண்டுக்கும் பணம் கேட்பதா?)

கேள்வித்தாள் குடும்பத் தலைவரின் பெயரில் தொடங்கியது. அடுத்து, பட்டா யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலம் வைத்துச் சாகுபடி செய்வோரில் பெண்கள் சுமார் 14 விழுக்காடுதான். ஆக, யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்பது முதல் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு நாள் அவளோடு நானும் போனேன். தக்காளிக் காட்டில் ஓர் அம்மா. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்தால் அவர் போனுக்குத் தகவல் போகும். அங்கிருந்தே மோட்டாரைப் போட்டுவிட்டு இவரை எழுப்புவார். ராத்திரி இரண்டு மணியானாலும் எழுந்து போய் மடை மாற்ற வேண்டும்.

“சுச்சு அவரு கையில, மம்பட்டி என் கையில டீச்சர்” என்று சிரித்தார்.

‘நீர்ப்பாசனம் செய்பவர்’ என்ற கட்டத்தில் கணவரின் பெயரை நாங்கள் ஏற்கெனவே எழுதியிருந்தோம்.

என் முனைவர் பட்ட ஆய்வு மருதத் திணை பற்றியது. வயலும் வயல் சார்ந்த இடமும், ஊடல், பரத்தை என்று முந்நூறு பக்கம் எழுதினேன். மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறை என்று மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன். அந்த வைகறையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் அம்மா சேற்றில் நின்றிருக்கிறாள். பாம்புக்குப் பயந்து டார்ச் லைட்டைப் பிடித்தபடி வரப்பில் நான் நின்றிருக்கிறேன். மறுநாள் பள்ளியில் தூங்கி விழுவேன். அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. முந்நூறு பக்கத்தில் இதற்கு ஒரு அடிக்குறிப்புகூட இல்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண் ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: இரவில் தண்ணீர் கட்டுபவர் யார், வாரத்துக்கு எத்தனை இரவு? அவளுடைய நெறியாளர் அதை அடித்துவிட்டாராம். தூக்கம் தண்ணீரிலும் வராது, மின்சாரத்திலும் வராது, உணவிலும் வராது என்றாராம். அவள் விடவில்லை. கேள்வியைத் தனித்தாளில் எடுத்துக்கொண்டு போகிறாள்.

அதே கேள்வியை அன்றிரவு அம்மாவிடம் போனில் கேட்டேன்.

“எண்ணிக்கிட்டா இருந்தேன்?” என்றாள். “நீதானே லைட்டு புடிச்ச, உனக்குத் தெரியாதா?”