ஐயம் சான்றாகுமா?

துப்பறியும் நாவல்களைப் படிப்பது வீண் காலப்போக்கு என்று நண்பர் சிலர் எம்மை இடித்துரைப்பதுண்டு. பல்லாண்டுகளாக அந்நூல்களில் ஈடுபட்டுள்ள யாம், அவற்றால் பெற்ற பயன் ஒன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

யாம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கையில், கிராணியார் வீட்டில் தங்க வளையல் ஒன்று காணாமற் போயிற்று. அங்கு வீட்டுவேலை செய்துவந்த ஏழை அம்மையார் மீது ஐயம் எழுந்தது. “அலமாரிப் பக்கம் அந்த அம்மாளைக் கண்டாயா?” என்று பெரியவர்கள் எம்மை வினவினர். யாம் கண்டதோ அவர் கூடம் பெருக்கியதை மட்டுமே. ஆயினும், எல்லோரும் எதிர்பார்த்த விடையாகிய “ஆம்” என்பதையே சொல்லிவிட்டோம். அவ்வாரமே அக்குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறிற்று. சில திங்கள் கழித்து, வளையல் அரிசிப் பீப்பாயின் அடியில் கிடைத்தது. அவர்களைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்டவர் ஒருவருமிலர், யாமும் கேட்டிலோம்.

பின்னாளில், வில்கி காலின்ஸ் 1868-இல் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ எம் கைக்குக் கிட்டியது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயன் ஒருவன் கவர்ந்த வைரம், இங்கிலாந்தில் ஒரு மாளிகையில் களவு போகிறது. முதலில் அப்பக்கம் வந்த இந்தியர் மூவர் மீது ஐயம். அடுத்து, முன்னொரு காலத்தில் திருடித் திருந்திய ரொசன்னா என்னும் வேலைக்காரி மீது ஐயம். அவளோ புதைமணலில் உயிர் துறக்கிறாள். அன்றிரவு வைரத்தை எடுத்தவர் அங்குத் தங்கியிருந்த உயர்குடி உறவினரே! அப்பக்கங்களைப் படிக்கையில் எம் கண்முன் நின்றது அவ்வம்மையாரின் முகமேயாம்.

1951-இல் ஜோசபீன் டே எழுதிய ‘காலத்தின் மகள்’ எம்மை மேலும் உலுக்கியது. கால் முறிந்து மருத்துவமனையிற் கிடக்கும் துப்பறிவாளர் கிராண்ட், மன்னர் மூன்றாம் ரிச்சர்டு தம் அண்ணன் மக்கள் இருவரைக் கொன்றார் என்னும் பழியை ஆராய்கிறார். பழியைப் பரப்பிய நூலை எழுதிய தாமஸ் மோர், 1485-இல் ரிச்சர்டு மாண்டபோது சிறுவர்! கண்டெழுதியதன்று; கேட்டெழுதியது. டே கூறும் முடிவை வரலாற்றறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. ஆயினும், ‘கண்டவர் யார்?’ என்னும் கேள்வி மறுக்கவொண்ணாதது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை ஐயத்திற்கு இடமாகவே விட்டுவிடுகிறது. உடையார்குடிக் கல்வெட்டோ சோமன், இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் எனப் பெயர் சுட்டுகிறது. அவர்தம் உறவினரின் நிலமும் பறிக்கப்பட்டதாக அதனால் அறிகிறோம். அவ்வுறவினருள் குற்றமறியாதார் எத்துணையரோ! ஒருவர் மீது வந்த பழிக்காகக் குடும்பமே பெயர்ந்ததை யாம் லயத்திலேயே கண்டோமன்றோ?

அன்பர்களே! இப்பொழுது எவரேனும் “அவன்தான் திருடன்” என்று உரைத்தால், “நீர் கண்டீரா?” என்று கேட்கின்றோம். “ஆம்” எனின், “எதைக் கண்டீர்?” என்று மீண்டும் கேட்கின்றோம். அன்று அவ்விரண்டாம் கேள்வியை எம்மிடம் எவரும் கேட்டிலர். யாமும் எம்மைக் கேட்டுக்கொண்டிலோம்.