சக்கரம் பூட்டிய வீடும் ஜவ்வாது மலையும்

வீட்டுக்குச் சக்கரம் பூட்டி, இஷ்டப்பட்ட இடத்துக்கெல்லாம் ஓட்டிக்கொண்டு போனால் எப்படியிருக்கும்? மேல்நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் பலர் இப்படித்தான் கிளம்பிவிடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள பெரிய வண்டி. வழி நெடுகிலும் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். நம் ஊரில் அந்த வண்டிக்குக் 'கேரவன்' என்று பெயர். சினிமா நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்றால் சட்டென்று புரிந்துவிடும். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தது. இப்போது சென்னையிலும் வாடகைக்குக் கிடைக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதுசா என்ன? கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையோடு குலதெய்வம் கோயிலுக்குப் போனவர்கள்தானே நம் பாட்டிமார்! ராமேஸ்வரத்தில் வடநாட்டு யாத்திரை பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸை ஓரங்கட்டியதும் அடுப்பு இறங்கும், மாவு மூட்டை இறங்கும், சுடச்சுடச் சப்பாத்தி தயாராகும். அப்படிச் சுட்டுப் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்பதையும் கவனித்திருப்பீர்களே!

எங்கள் வீட்டில் கேரவன் பேச்சு எழுந்ததற்குக் காரணம் என் மாமியார். வயது 76. ஏழெட்டு வருஷங்களாக எந்தப் பயணத்துக்கும் வருவதில்லை. கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்பார். மூட்டு வலி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "ஏன் அத்தை, நிஜமாகவே வலிதானா?" என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "வழியில ஒதுங்க இடம் கிடைக்காதேம்மா. இந்த வயசுல அடக்கவும் முடியலை. வண்டியை நிறுத்து நிறுத்துன்னு பேரப்பிள்ளைங்ககிட்ட சொல்ல வெட்கமா இருக்கு."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

விஷயத்தைப் பட்டும் படாமலும் மகனிடம் சொன்னேன். அவன் குதித்தெழுந்தான். "கேரவன் எடுத்துடலாம்மா! உள்ளேயே பாத்ரூம் இருக்கும். கிச்சன்கூட இருக்கு, நாமே சமைச்சுக்கலாம்."

"நாமேன்னா யாருடா?" என்றேன். என் கணவர் அவசரமாகப் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

எந்த மாதம்?

ஜவ்வாது மலைக்குப் போவது என்று முடிவாயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போலக் கூட்டம் கிடையாது.

தீபாவளி லீவில் போகலாம் என்றார்கள் பிள்ளைகள். நான் தலையாட்டவில்லை. நம் ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மேல்நாட்டு இலையுதிர் காலமும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். ஆனால் நமக்கு அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மலைப்பாதையில் மண் சரியும், மரம் சாயும். நம் காட்டு மரங்கள் இலை உதிர்ப்பதோ மாசி, பங்குனியில்! ஆகவே புரட்டாசியில் வரும் காலாண்டு விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். ஆடி, ஆவணியில் பெய்த மழையில் மலை பச்சென்று இருக்கும், சாமைப் பயிர் கதிர் பிடித்திருக்கும், பெருமழை வந்திருக்காது.

எந்த வண்டி?

கேரவனைப் போய்ப் பார்த்தோம். உள்ளே அரண்மனைதான்! ஆனால் இல்லத்தரசியின் கண் வேறு இடங்களில் போய் நின்றது. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் அதைக் காலி செய்யும் இடம் மலையில் எங்கே? ஓடையிலும் வயலோரத்திலும் திறந்துவிட முடியுமா? கொண்டை ஊசி வளைவில் எதிரே அரசு பஸ் வந்தால் அவ்வளவு பெரிய வண்டி எப்படி ஒதுங்கும்?

இன்னும் இரண்டு செய்திகள் என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தன. 2023 ஆகஸ்டில், மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுபோன எரிவாயு சிலிண்டரே காரணமாயிற்று. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்துவிட்டிருந்தது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கேரவனே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்கிறவர்கள், ஜெனரேட்டரை ஓடவிட்டபடி உள்ளே தூங்கக் கூடாது; விஷவாயு இருந்தால் ஒலி எழுப்பும் கருவி வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள்; ஓடும் வண்டியில் அடுப்பு மூட்டவே கூடாது. நாங்கள் 12 பேர் உட்காரும் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, இரவுக்கு ஜமுனாமரத்தூரில் அறைகள் சொல்லிவைத்தோம். அறை கேட்கும்போதே தரைத்தளம் வேண்டும், மேல்நாட்டுக் கழிப்பறை வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

கேட்காமல் நிற்கும் வண்டி

வேனில் பாத்ரூம் கிடையாதே, அத்தை என்ன செய்வார்? இதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். பயணம் என்றால் முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்! தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருந்தால் நீர்க்கடுப்பும் தொற்றும் சுலபமாக வரும். வயதானவர்களுக்குத் தலைசுற்றல், மலச்சிக்கல், சிலசமயம் மனக்குழப்பம்கூட உண்டாகும்.

ஆகவே ஒரு சட்டம் போட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும். யாரும் கேட்க வேண்டாம். எல்லோரும் இறங்க வேண்டும். சுங்கச்சாவடி, பெரிய பெட்ரோல் பங்க், ஓட்டல் என்று கழிப்பறை உள்ள இடங்களை மகன் முன்னதாகவே குறித்துக்கொண்டான். டிரைவர் தம்பியிடமும் சொல்லிவைத்தோம். எல்லோருக்காகவும் நிற்கிற வண்டியில் ஒருத்தருக்கு மட்டும் என்ன கூச்சம்?

அவசரத்துக்கு மருந்துக் கடையில் விற்கும் மடக்கு கமோடு நாற்காலி ஒன்று, சுற்றிப் பிடிக்க இரண்டு பழைய புடவைகள், ஒரு வாளி, சோப்பு, டார்ச் எடுத்துக்கொண்டோம். இதுவே எங்கள் கேரவன்!

சமையலறைக்கும் லீவு

அடுத்த சட்டம், வழியில் சமையல் இல்லை. முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும். புளி சேர்ந்ததால் சீக்கிரம் கெடாது. தயிர் சாதத்தைக் காலையில் பிசைந்தால் வெயிலில் புளித்துவிடும் என்று விட்டுவிட்டேன். மற்ற வேளைகளுக்கு ஓட்டல்தான். புரட்டாசி ஆனதால் வீட்டில் எல்லோருமே சைவம். தேர்ந்தெடுக்கும் வேலையும் மிச்சம்.

மூட்டை கட்டுவது மகன், தட்டு கழுவுவது கணவர், மருந்துப் பை மகள் என்று பெயர் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். "உன் பேருக்கு நேரா ஒண்ணுமே காணோமே?" என்றார் என்னவர். "அதுதான் விசேஷம். நானும் லீவு!" என்றேன்.

மருந்துப் பை முக்கியம். அத்தையின் சர்க்கரை மாத்திரை, கூடவே நேரத்துக்குச் சாப்பிட நாலு பிஸ்கட், ஒரு வாழைப்பழம். மலையேறும்போது குமட்டல் வருகிறவர்கள் முன் ஸீட்டில் அமர்ந்து தூரத்தில் பார்வையை வைக்க வேண்டும். செல்போனைத் தொடக் கூடாது. வயிறு முட்டவும் கூடாது, வெறும் வயிறும் கூடாது. இஞ்சித் துண்டு சிலருக்குக் கைகொடுக்கும்.

மலைமேல்

வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பி, ஆற்காடு, ஆரணி வழியாகப் போளூர் போனோம். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர். ஏற ஏறக் காற்றே மாறிவிடுகிறது. புளியமரமும் பலாமரமும், சரிவுகளில் சாமை வயல்களும், மூங்கிற் காடும் வந்துகொண்டே இருக்கின்றன.

இங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அவர்கள் விளைவிக்கும் சாமையையும், எடுத்துவரும் மலைத்தேனையும் வாங்கினோம். இளம் தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். எத்தனை சுத்தமான தேனிலும் சிலசமயம் ஒரு கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே பாதிக்கும். என் பேரனுக்குப் பத்து மாதம். "மலைத்தேன், ஒரு சொட்டு வெச்சா என்ன?" என்று நீண்ட கைகளை மகள் தடுத்துவிட்டாள்.

புல்லிலும் புதர் ஓரத்திலும் குழந்தையை விடாதீர்கள். துணியை அங்கே உலர்த்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் மழைக்குப் பின் அதிகம். ஊர் திரும்பி மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மலைக்குப் போய்வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

சனிக்கிழமை காலையில் கோமுட்டேரி ஏரியில் படகு, பிறகு பீமன் மடவு அருவி. பாறை வழுக்குமாதலால் பெண்கள் கூட்டம் தூர நின்றே ரசித்தது. மத்தியானம் காவலூர் வானிலாய்வு மையம். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். 1972-ல் வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்பதற்கும், 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கும் இங்கிருந்த தொலைநோக்கியில் சான்று கிடைத்தது. 1986-ல் திறந்த பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர் தாங்கியது. அத்தை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு பெரிய கண்ணா!" என்று வாய்விட்டு வியந்தார்.

ஆலங்காயம், வாணியம்பாடி வழியாகத் திரும்பினோம். புரட்டாசியில் ஆம்பூரைக் கடப்பது எத்தனை பெரிய சோதனை என்று எங்கள் வீட்டு ஆண்களைக் கேட்டால் சொல்வார்கள்!

அந்த இரண்டு நாளும் அத்தை தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தாராளமாகக் குடித்தார். வண்டி நின்றபோதெல்லாம் எல்லோரோடும் இறங்கினார். ஒரு தடவைகூட வாய்திறந்து கேட்க நேரவில்லை. கமோடு நாற்காலிக்கும் வேலை வரவில்லை. ஆனால் அது வண்டியில் இருக்கிறது என்ற தைரியமே அவருக்குப் பெரிய துணையாக இருந்தது.

அடுத்த விடுமுறைக்கு நீங்களும் எங்காவது திட்டம் போடுவீர்கள். ஊரையும் வண்டியையும் முடிவு செய்யுமுன், "நான் வரலை" என்று சொல்லும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஏன் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆண்பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் கேட்காதீர்கள், பதில் வராது. கீரை ஆயும்போது கேளுங்கள்.