பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

விருதுநகர்ப் பக்கம், நாற்கரச் சாலையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. ஏப்ரல் வெயில். மெயின் பிளாக்கின் பின்புறம், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டினால் மண்டையோடு வரைந்த இரும்புக் கதவு. உள்ளே பேனல் ரூம். சுவர் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் ஒரு பெயர்: லேப், லைப்ரரி, ஹாஸ்டல், ஆடிட்டோரியம், எம்.பி.ஏ. எதிரே ஸ்டூலில் எலக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர், காக்கிச் சட்டை, பையில் டெஸ்டர். கல்லூரி முழுக்க ஏ.சி. ஓட்டுகிறவரின் அறையில் ஒரு மேசை ஃபேன்தான்.

அவருடைய காலை வேலை யார் கண்ணிலும் படாமல் முடிந்திருக்கிறது. போர் மோட்டார் விடியுமுன்பே ஓடித் தொட்டிகள் நிரம்பிவிட்டன. ஹாஸ்டல் கிரைண்டர் எட்டு மணிக்குள் நின்றாக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சமையல் மாஸ்டருக்கு அதில் தீராத கோபம். மாவு ஆட்ட நேரம் சொல்ல கரண்ட்காரன் யார்?

கரண்ட்காரருக்கு அவருடைய காரணம் உண்டு. எச்.டி. எனும் உயர் அழுத்த சர்வீஸில் ஓடிய யூனிட்டுக்கு ஒரு தொகை. அது போக, மாதத்திலேயே எந்த அரை மணி நேரத்தின் சராசரிச் சுமை மிக அதிகமோ, அதைப் பிடித்து கே.வி.ஏ. கணக்கில் இன்னொரு தொகை. 2022 உயர்வுக்கு முன் ஒரு கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாய். இப்போது 600ஐ ஒட்டி. கல்லூரி வாங்கி வைத்திருக்கும் அளவு 300. அதைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு இரட்டிப்பு. மாதம் முழுக்கச் சிக்கனமாக இருந்துவிட்டு ஒரு முற்பகலில் கோட்டை விட்டாலும் மீட்டருக்கு இரக்கம் கிடையாது.

இன்று சிம்போசியம். 11.15க்குக் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் உறுமுகிறது, அதில் விளக்கும் ஃபேனும்தான், ஏ.சி. இல்லை. 11.28க்குக் கரண்ட் வருகிறது. ஹெல்பர் பையன் எல்லா பிரேக்கரையும் தூக்கிவிடக் கை நீட்டுகிறான்.

"இரு தம்பி, ஒண்ணொண்ணா."

மற்ற நேரங்களில் ஒரு கம்ப்ரசர் ஓடும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். அறைகள் சூடேறிக் கிடக்கும் இந்த வேளையில் எதுவும் ஓயாது. எல்லாம் சேர்ந்து இழுக்கும். யூ.பி.எஸ். பேட்டரிகளும் பசியோடு நிற்கும். 2020 முதல் ஏ.சி.கள் ஆன் செய்தால் 24 டிகிரியில் வரும்படிதான் விற்கப்படுகின்றன. ரிமோட் கிடைத்தவர்கள் அதை 18க்கு இறக்காமல் விடுவதில்லை; படித்தவர்கள் இன்னும் சீக்கிரம் இறக்குகிறார்கள்.

ஆடிட்டோரியம் முதலில், சீஃப் கெஸ்ட் உட்கார்ந்திருக்கிறார். பிறகு லேப். சிறிது விட்டு நிர்வாக அலுவலகம். எம்.பி.ஏ. பிளாக் காத்திருக்கிறது. மீட்டரில் ரைசிங் டிமாண்ட் 11.30க்குப் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கி, 11.45க்கு 148. பாதி நேரத்தில் 148 என்றால் முழு அரை மணிக்கு 296. அவர் உதடு கணக்குப் போடுகிறது.

போன் அடிக்கிறது. எம்.பி.ஏ. துறைத்தலைவர். குரல் வெளியே வரை கேட்கிறது.

"போடுறேன் சார்… இந்தா போட்டுட்டேன் சார்."

போட்டுவிடுகிறார். 11.50க்கு 202. இதே வேகத்தில் போனால் பன்னிரண்டு அடிக்கும்போது 310. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் நிர்வாக அலுவலகத்தின் ஏ.சி. பிரேக்கரை இறக்குகிறார். மாணவர்கள் சத்தம் போடுவார்கள், துறைத்தலைவர்கள் போன் போடுவார்கள். அலுவலகம் ஆள் அனுப்பும், அதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்த வரிசையை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார்.

பன்னிரண்டு. 292. நோட்டில் எழுதி அடியில் கோடு போடுகிறார்.

அந்த நோட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. போன மே மாதம், விடுமுறை: உச்சம் 140. ஆனால் வாங்கிய அளவில் 90 சதவீதத்துக்காவது பணம் கட்டியாக வேண்டும் என்பது விதி. கட்டியது 270க்கு. கே.வி.ஏ. 600 என்று வைத்தாலே, ஆளில்லாத வகுப்பறைகளுக்காகப் போனது 78,000 ரூபாய். உச்சத்தை நிரந்தரமாக இறக்கிக் காட்டினால் வாங்கிய அளவையே குறைக்கச் சொல்லி மனுப் போடலாம். வழியும் அறையின் மூலையிலேயே இருக்கிறது: கெப்பாசிட்டர் பேனலில் இரண்டு உப்பிப்போய் நிற்கின்றன. பவர் ஃபேக்டர் 0.88. அதே 257 கிலோவாட் 0.98இல் ஓடினால் மீட்டர் 292ஐக் காட்டாது, 262தான். ஒருவர் அறையின் குளிரையும் தொட வேண்டாம்.

அலுவலகப் பையன் கதவில் வந்து நிற்கிறான்.

"அண்ணே, எங்க ரூம்ல ஏ.சி. நின்னுருச்சு. மேனேஜர் சத்தம் போடுறாரு."

"கெப்பாசிட்டர் ஃபைல் என்னாச்சு தம்பி?"

"மூணு கொட்டேஷன் வேணும்ணே. ரெண்டுதான் இருக்கு. அடுத்த வருஷம் புது பிளாக் வேற வருதாம், அப்பப் பாத்துக்கலாம்னாரு."

அவர் மீட்டரைப் பார்க்கிறார். 12.04. புது அரை மணி. நிர்வாக அலுவலகத்தின் பிரேக்கரைத் தூக்கிவிட்டு, பையனிடம் எம்.பி.ஏ. பிளாக்கை எத்தனை மணிக்குக் காலி செய்வார்கள் என்று விசாரிக்கிறார்.