அடும்பும் அதன் குறிப்புச்சீட்டும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், தொழிற்கூடங்கள் சூழ்ந்த மைசூர் ஹெப்பாளில் வாழும் தாவரவியல் மாணவர் ஒருவர் கடற்கரை மணலில் படரும் அடும்பங்கொடியைக் காண விரும்பினால், மலைத்தொடரைக் கடந்து மங்களூர்க் கரைவரை செல்ல வேண்டும். இல்லையேல் உலர்தாவரகம் ஒன்றை, அதாவது அழுத்தி உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி ஆவணமாகக் காக்கும் இடத்தை, நாட வேண்டும். தமிழகத்தில் இப்பணிக்குப் பெயர்பெற்றவை 1955இல் கோவையில் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டலக் கிளையும், கே. எம். மாத்யூ அடிகளார் 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் நிறுவிய ராபினாட் உலர்தாவரகமும் ஆகும்.

நெய்தல் நிலப் பாடல்களில் பூத்துக் கிடக்கும் அடும்பு, உலர்த்துபவரின் பொறுமையைச் சோதிக்கும் செடி. காலையில் விரியும் புனல்வடிவப் பூ பிற்பகலுக்குள் சுருங்கிவிடுவதால், கொடியை வெட்டிய கையோடு மணல்மேட்டிலேயே இதழை விரித்துச் செய்தித்தாளில் கிடத்த வேண்டும். பால் வடியும் தண்டும் தடித்த இலையும் எளிதில் ஈரத்தை விடுவதில்லை என்பதாலும், கடற்காற்றின் ஈரப்பதம் அதற்குத் துணைபோவதாலும், தொடக்க நாள்களில் தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பற்றிவிடும். பல மீட்டர் ஓடும் கொடியில் கணுவும் வேரும் பூவும் காயும் தெரியும் துண்டுகளைத் தேர்ந்து, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள தடித்தாளில் அடக்குவது தேர்ந்த கையின் வேலை. இலை பசையால் ஒட்டப்படும். பசைக்கு அடங்காத தண்டு நூலால் தைக்கப்படும். உதிரும் விதைகள் சிறு காகித உறையில் இடப்பட்டு அதே தாளில் இணைக்கப்படும்.

எனினும் தாளின் மதிப்பை முடிவுசெய்வது வலப்பக்கக் கீழ்மூலையில் உள்ள குறிப்புச்சீட்டே. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ உலர்ந்ததும் நிறம் மாறிவிடுகிறது. கொடியின் முழு நீளமும் அது படர்ந்த மணலின் தன்மையும் செடியில் தங்குவதில்லை. இவற்றையும், சேகரித்த இடம், நாள், சேகரிப்பாளர் எண் ஆகியவற்றையும் களத்திலேயே எழுதிவைக்காவிட்டால் எஞ்சுவது வெறும் சருகுதான். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக், 1776இல் வந்த ராட்லர் ஆகிய செடி சேகரிப்பாளர்களின் காலத்துத் தாள்களில் பெயரும் ஊரும் மட்டுமே இருப்பதுண்டு. இன்றைய சீட்டு அகலாங்கு, நெட்டாங்குகளையும் சுமப்பதால், கடலரிப்பில் ஒரு மணல்மேடு மறைந்தபின்னும் அங்கே அடும்பு இருந்ததற்குச் சான்றாகிறது.

அச்சீட்டில் சேகரித்தவர் பெயர் உண்டு, இனங்கண்டவர் பெயரும் உண்டு. தாள் மாற்றி, ஒட்டி, தைத்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. பூச்சியரிப்பைத் தடுக்க, செடிகளை மெர்க்குரிக் குளோரைடு என்னும் பாதரச நஞ்சில் தோய்த்தெடுக்கும் வழக்கம் இந்திய உலர்தாவரகங்களில் நெடுங்காலம் இருந்தது என்பதையும், அந்நஞ்சு தாளோடு தங்கி அதைத் தொடுவோரின் தோலையும் மூச்சையும் எட்டக்கூடியது என்பதையும் நோக்கினால், இவ்விடுபாடு சிறிதன்று. பழைய தாள்களைக் கையாளும் பணியாளருக்குக் கையுறையும் காற்றோட்டமான அறையும் தரப்பட வேண்டும். புதிய சீட்டுகளில் ஒட்டியவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்.