பாடக்குறிப்பு பழசு, தேதி புதுசு

 

வழக்கமாக இங்கே பழைய பள்ளிக்கூடக் கதை, கைவைத்தியம், கோயில் கொடை என்று ஏதாவது எழுதுவேன். இன்று வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்க வேண்டாம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். உங்களில் சிலரிடம் நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

காலாண்டு விடுமுறைக்குச் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிற பேரன், ஆண்டுதோறும் புதுசு வருகிற ஒரு விளையாட்டை வாங்கியிருந்தான். பெயர் வேண்டாம். விலை நாலாயிரத்துச் சொச்சம். அப்பாவிடம் கேட்டு வாங்கியதில்லை. அத்தைமார் கொடுத்த பொங்கல்படி, பிறந்தநாள் காசு, நான் ஊரிலிருந்து அனுப்பியது எல்லாவற்றையும் ஒரு வருஷமாக ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து வாங்கினான். அன்று காலையிலிருந்தே பிள்ளை தரையில் நிற்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னல, அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்றேன்.

"இது புதுசே இல்ல ஆச்சி. போன வருஷத்து கேம்தான். ஆட்களுக்குச் சட்டைய மாத்திட்டு, மேல வருஷத்த மாத்திப் போட்டிருக்காங்க."

மகன் உள்ளேயிருந்து, "ஒவ்வொரு வருஷமும் இதே பாட்டுதாம்மா. சொன்னா கேக்க மாட்டான்" என்றான். பேரன் பதில் சொல்லவில்லை. கண் நிறைந்திருந்தது.

வருஷத்தை மாத்திப் போட்டிருக்காங்க என்ற அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம், "எனக்கு இதப் பத்திச் சொல்லிக் குடுல" என்று அவனிடம் கேட்டேன். நாலு நாள் அவன் வாத்தியார், நான் மாணவி. ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். அவன் சொன்னதை நானும் தேடிப் படித்துச் சரிபார்த்தேன். பழக்கதோஷம்.

பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'அசாசின்ஸ் கிரீட்' தொடர்தான் இதற்கு நல்ல பாடம். பழைய காலத்து நகரங்களுக்குள் நாமே நடந்து திரிவதுபோல் அமைந்த விளையாட்டு. முதலாவது 2007-இல் வந்தது. இரண்டாவது 2009-இல். நடுவில் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். முதலாவதில் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறது என்று விளையாடியவர்கள் குறை சொன்னார்கள். இரண்டாவதில் அந்தக் குறையைத் திருத்தியிருந்தார்கள். இத்தாலி நாட்டு நகரங்களை வைத்துச் செய்த அந்த இரண்டாவது பாகத்தை இன்றும் ஆசையாகப் பேசுகிறார்கள்.

அதன்பிறகு 2010, 2011, 2012, 2013 என்று வருஷத்துக்கு ஒன்று. 2014-இல் இரண்டு. அதில் ஒன்றான 'யூனிட்டி', பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ் நகரத்தைக் காட்டியது. நவம்பரில் வந்தது. வந்த அன்றே கோளாறு. சில மனிதர்களுக்கு முகமே இல்லை. கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. பேரன் படத்தைக் காட்டியபோது எனக்கு ராத்திரி தூக்கம் வராது போலிருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்து விற்பதாக இருந்த கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தது.

இதில் என்னை வருத்தியது என்ன தெரியுமா? அந்த விளையாட்டில் நோத்ர தாம் தேவாலயம் இருக்கிறது. அதை மட்டும் உருவாக்க ஒரு பெண் கலைஞர் ஓராண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார். கல் கல்லாக, ஜன்னல் ஜன்னலாக. 2019 ஏப்ரலில் உண்மையான தேவாலயம் தீப்பிடித்தபோது, அந்த நிறுவனம் சீரமைப்புக்கு 5 லட்சம் யூரோ கொடுத்ததோடு, அந்த விளையாட்டையும் ஒரு வாரம் கணினியில் இலவசமாக விட்டது. எரிந்த கட்டடத்தை ஜனங்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார்கள். ஆக, செய்தவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை, உழைப்பும் குறைவில்லை. ஆனால் நாள்காட்டி காத்திருக்கவில்லை.

2015-இல் இன்னொன்று வந்தது. 2016 பிப்ரவரியில், "இந்த ஆண்டு புதிய அசாசின்ஸ் கிரீட் இல்லை" என்று நிறுவனமே அறிவித்தது. மறு ஆண்டு அக்டோபரில், கிளியோபாட்ரா காலத்து எகிப்தை வைத்து 'ஆரிஜின்ஸ்' வந்தது. சண்டை போடும் முறையிலிருந்து பலதையும் மாற்றியிருந்தார்கள். விட்டுப்போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள்.

வருஷம் தவறாமல் வந்தால் தரம் ஏன் குறைகிறது? நான் யோசித்தவரை சொல்கிறேன். இப்போது பெரிய விளையாட்டு ஒன்றைச் செய்ய நூற்றுக்கணக்கான பேர் பல வருஷம் உழைக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் வருஷம் ஒன்று எப்படி வரும்? முதல் குழு முடிக்கும் முன்பே இரண்டாம் குழு அடுத்ததைத் தொடங்கியிருக்கும். முதலாவது வெளிவந்து, ஜனங்கள் குறை நிறை சொல்லும்போது, அடுத்தது பாதிக்குமேல் முடிந்திருக்கும். முதல் தாளைத் திருத்திக் கொடுப்பதற்குள் இரண்டாம் தாளை எழுதச் சொன்னால், பிள்ளை எந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும்?

விளையாடுகிறவர்களுக்கும் கஷ்டம்தான். பேரனிடம், "பிடிக்கலைன்னா பழசையே விளையாட வேண்டியதுதானல?" என்று கேட்டேன். "கூட விளையாடறவங்க எல்லாரும் புதுசுக்குப் போயிடுவாங்க ஆச்சி. பழசுல நான் மட்டும் என்ன பண்ண?" என்றான். ஆசைப்பட்டு வாங்குவது பாதி, தனியாகிவிடுவோமோ என்று பயந்து வாங்குவது பாதி. பெரியவர்களுக்கு இது தெரிவதில்லை. "காசைக் கரியாக்குகிறான்" என்று மட்டும் திட்டுகிறோம்.

ஒரு பக்கம் மட்டும் பேசக்கூடாது. 'கால் ஆஃப் டியூட்டி' என்ற சண்டை விளையாட்டு 2005-லிருந்து வருஷந்தோறும் வருகிறது. நன்றாகவே விற்கிறது. மூன்று குழுக்கள் முறை வைத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். வெளியே ஒரு வருஷம் என்றாலும் உள்ளே ஒரு குழுவுக்கு மூன்று வருஷம் கிடைக்கும் என்று கணக்கு. வருஷம் ஒன்று வந்தாலே கெட்டுப்போகும் என்று ஆணி அடித்தாற்போல் சொல்ல முடியாது.

காலம் எடுத்துக்கொண்டால் நன்றாக வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' என்று ஒன்று. 1997-இல் அறிவித்தார்கள், 2011-இல் வந்தது. 14 வருஷம்! வந்தபின் நன்றாக இல்லை என்றுதான் பலரும் சொன்னார்கள். அதே சமயம், ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ, 'செல்டா' தொடரில் 2017-இல் ஒன்று கொடுத்தது. அடுத்தது 2022-இல் வருவதாக இருந்து, இன்னும் நேரம் வேண்டும் என்று சொல்லி 2023 மே மாதம் கொடுத்தது. இடைவெளி 6 வருஷம். இரண்டையுமே கொண்டாடினார்கள்.

விற்பனை நன்றாக இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் முடியாது. 'கிட்டார் ஹீரோ' என்று ஒன்று 2005-இல் வந்தது. பிளாஸ்டிக் கிட்டாரைக் கையில் வைத்து வாசிக்கிற விளையாட்டு. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பைத்தியமாக இருந்திருக்கிறார்கள். விற்கிறதே என்று 2009-இல் மட்டும் அந்த வகையில் ஐந்துக்கும் மேற்பட்டவற்றை இறக்கினார்கள். 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவையே மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. ஆறே வருஷத்தில் உச்சிக்கும் போய், பள்ளத்துக்கும் வந்துவிட்டது. சலிப்பு என்பது நாளுக்கு நாள் அளந்து பார்க்கிற மாதிரி வருவதில்லை. பிள்ளைகள் முகத்தில் முதலில் தெரியும். கணக்குப் புத்தகத்தில் கடைசியில்தான் தெரியும்.

முகம் என்று சொன்னேன் அல்லவா. இனி என் கதைக்கு வருகிறேன்.

ஆசிரியர் வேலையில் ஒவ்வொரு வாரமும் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த புதிதில் நான் அதை ஆசையாக எழுதுவேன். படம் வரைவேன், புதுக் கதை தேடுவேன், தீப்பெட்டி அட்டையில் கடிகாரம் செய்வேன். பிறகு 90-களில் சில வருஷங்கள், வீட்டில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் படுக்கை, கைக்குழந்தை, பள்ளியில் ஒரே அறையில் இரண்டு வகுப்பு. பழைய பாடக்குறிப்பை எடுத்துவைத்து, தேதியை மட்டும் மாற்றி எழுதினேன். அதே கதை, அதே கேள்வி, சிரிக்க வைக்க அதே வேடிக்கை. யாரும் கேட்கவில்லை. கையெழுத்தும் விழுந்தது.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாடம் பழசாக இருந்தால் என்ன, பிள்ளைகள் வருஷாவருஷம் புதுசுதானே? அதில் உண்மையும் இருக்கிறது. வாய்ப்பாடு மாறுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் அதை முதல்முறையாகக் கேட்கிற பிள்ளைகள் வருகிறார்கள். விளையாட்டு நிறுவனம் அப்படிச் சொல்ல முடியாது. அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதில் பாதிப்பேர் போன வருஷமும் காசு கொடுத்தவர்கள்.

ஆனால் என் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருந்தான். செங்கல் சூளை வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு பாதி வருஷம் போய்விட்டதால், வருகை போதாமல் ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டாவது வருஷமும் உட்கார்ந்தவன். நான் கதையை ஆரம்பித்தால், முடிவை அவன் முணுமுணுப்பான். நான் கேள்வியைக் கேட்பதற்குள் பதில் சொல்வான். பிள்ளைகள் சிரிக்கும். ஒருநாள், "டீச்சர், இத போன வருசமே சொல்லிட்டீங்க" என்றான். சேட்டை செய்கிறான் என்று வெளியே நிறுத்தினேன். அவன் வேப்பமரத்தடியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பேரன் பார்த்தானே, அதே மாதிரி.

பொங்கல் விடுமுறைக்குப்பின் அவன் வரவில்லை. ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டிக் கிடந்தது. அவன் படிப்பு நின்றதற்கு வறுமைதான் காரணம் என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வறுமைதான். ஆனாலும் அவன் தங்குவதற்கு நான் ஒரு காரணத்தையும் புதிதாகக் கொடுக்கவில்லை.

இதைப் பேரனிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நீங்களும் அந்த கம்பெனி மாதிரிதானா ஆச்சி?" என்றான். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த வருஷம் அந்த விளையாட்டை வாங்குவதில்லை என்று அவனே முடிவெடுத்திருக்கிறான். வந்து இரண்டு மாதம் கழித்து, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு யோசிப்பானாம். கூட்டாளிகள் இருவரையும் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறான். தனியாக நிற்க வேண்டியதில்லை அல்லவா. நல்ல புத்தி. டப்பாவை மறுபடி எடுத்து வைத்தாயிற்று. முதல் காசு நான் போட்டேன்.

பெற்றோராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று. பிள்ளை கேட்டதும் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், எடுத்த எடுப்பில் திட்டவும் வேண்டாம். "போன வருஷத்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தேடும்போதே பிள்ளைக்குப் பாதி விளங்கிவிடும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவிகள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு வேலைப்பளு எங்களைவிட அதிகம் என்று தெரியும். எல்லாவற்றையும் மாற்ற முடியாது. வருஷத்துக்கு ஒரு பாடமாவது புதிதாக எழுதுங்கள்.

அந்தச் சில வருஷங்களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் என்னை மன்னியுங்கள். நீங்கள் நன்றாக வந்தீர்கள் என்றால் அது உங்கள் கெட்டிக்காரத்தனம்.

என் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்த தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. இதைப் படித்தால் உனக்கே தெரியும். இப்போது உனக்கு நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். அன்று நீ சொன்னது சேட்டை இல்லை, சரியான பேச்சு. பழைய பள்ளிக்கூடத்துத் தெருவில் கேட்டால் என் வீட்டை யாரும் காட்டுவார்கள். ஒருநாள் வா. உனக்குச் சொல்லாத கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்